குவாஸும் ஒரு சிட்டிகை உப்பும்

டால்ஸ்டாயின் 'அன்னா கரீனினா'வில் புல்லறுக்கும் காட்சி ஒன்று வரும். பண்ணையார் லெவின் குடியானவர்களோடு சேர்ந்து வெயிலில் அரிவாள் வீசிக் களைத்துப் போகிறான். பக்கத்தில் நிற்கும் கிழவர் ஓடையில் தகர அகப்பையை முக்கி எடுத்து நீட்டி, 'நம்ம குவாஸ் எப்படி?' என்று கண் சிமிட்டிக் கேட்கிறார். அகப்பையில் இருப்பது வெறும் ஓடைத் தண்ணீர். இளஞ்சூடு, மிதக்கும் பச்சைத் துணுக்குகள், தகரத்தின் துரு வாடை. இப்படி ஒரு பானத்தை இதுவரை குடித்ததில்லை என்று லெவினுக்குத் தோன்றுகிறது.

தண்ணீரை மெச்சிச் சொல்ல அந்தக் கிழவருக்கு, ரொட்டியைப் புளிக்கவைத்துச் செய்யும் குவாஸ் என்ற பானத்தின் பெயர்தான் வாயில் வருகிறது. ருஷ்யக் கிராமத்தில் அதற்கு இருந்த மதிப்பு அது. தண்ணீரைவிடக் குவாஸ் உடம்பின் வறட்சியைப் போக்கும் என்ற நம்பிக்கை ருஷ்யா, உக்ரைன், பெலாரஸ் எங்கும் இன்றும் உண்டு. அது உண்மைதானா?

குவாஸ் செய்ய, மிஞ்சிப்போன ரை ரொட்டியைத் துண்டு போட்டு, கருகும் பக்குவம்வரை வாட்டி, கொதிநீரில் ஊறவைத்து வடிகட்டுவார்கள். ஆறியபின் சர்க்கரையோ தேனோ சேர்த்து ஈஸ்ட் இட்டு, நாலைந்து உலர்திராட்சையும் போட்டு, ஓரிரு நாள் நுரைக்க விடுவார்கள். ஈஸ்ட் கொஞ்சம் சாராயத்தையும் வாயுவையும் தருகிறது. புளிப்பு லாக்டிக் பாக்டீரியாவின் வேலை. 996ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளைச் சொல்லும் பழைய ருஷ்ய வரலாற்றேட்டிலேயே இதன் பெயர் இருக்கிறது. சோவியத் காலத்தில் கோடை வந்தால் தெருமுனைக்கு மஞ்சள் பீப்பாய் வண்டி வந்து நிற்கும்.

குவாஸ் தண்ணீரைவிட மேல் என்ற நம்பிக்கையை மறுப்பவர்கள் முதலில் சொல்வது, அதில் சாராயம் இருக்கிறது, அது சிறுநீரைப் பெருக்கி உள்ள நீரையும் வெளியேற்றிவிடும் என்பது. கணக்குப் போட்டால் இந்த வாதம் நிற்கவில்லை. ருஷ்யத் தர விதிப்படி குவாஸில் சாராயம் 1.2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 1 கிராம் சாராயம் ஏறத்தாழ 10 மில்லி சிறுநீரைக் கூட்டும் என்று 1942இல் எகில்டன் என்ற பிரிட்டிஷ் உடலியலாளர் கண்டார். அப்படியானால் உச்ச அளவுச் சாராயமுள்ள அரை லிட்டர் குவாஸ் குடித்தாலும் கூடுதலாகப் போவது 50 மில்லிக்கும் குறைவு. குடித்ததோ 500 மில்லி. 1997இல் ஷிரெஃப்ஸ், மோகன் என்ற ஆய்வாளர்கள் இதை நேரடியாகவே சோதித்தார்கள். வியர்த்து நீரிழந்தவர்களுக்கு 0, 1, 2, 4 சதவீதச் சாராயம் கலந்த பானங்களைக் கொடுத்தபோது, 2 சதவீதம்வரை மீட்சியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 4 சதவீதத்தில்தான் மீட்சி தாமதமாகும் போக்குத் தெரிந்தது. ஆகவே சாராயத்தைக் காட்டிக் குவாஸைத் தள்ளிவிட முடியாது. வீட்டில் பல நாள் புளிக்கவிட்ட, எவரும் அளந்து பார்க்காத குவாஸுக்கு மட்டும் இந்த உத்தரவாதத்தை நான் தரமாட்டேன்.

சரி, தண்ணீரைவிட மேலா? மோகன் குழுவினர் 2016இல் 72 ஆண்களிடையே 13 பானங்களைப் பங்கிட்டு, ஒரு லிட்டர் வீதம் கொடுத்து, எது உடம்பில் அதிக நேரம் தங்குகிறது என்று அளந்தார்கள். பாலும் உப்பு-சர்க்கரைக் கரைசலும் முந்தின. கோலா, தேநீர், காபி, லாகர் பீர் எல்லாம் தண்ணீரோடு ஏறக்குறைய ஒரே வரிசையில் நின்றன. குவாஸ் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் சர்க்கரையில் கோலாவுக்கும் சாராயத்தில் பீருக்கும் கீழே இருக்கும் பானம் இது. அந்த இரண்டுமே தண்ணீருக்குச் சமம் என்றால், குவாஸ் மட்டும் மேலேறவும் கீழிறங்கவும் எனக்குக் காரணம் தெரியவில்லை.

மேலேற முக்கிய வழி உப்பு. உப்பில் உள்ள சோடியம்தான் குடித்த நீரை உடம்பில் பிடித்து வைக்கிறது. 5 லிட்டர் தண்ணீருக்கு அரை கிலோ ரொட்டி என்று வைத்துக்கொள்வோம். 100 கிராம் ரொட்டியில் சுமார் 1 கிராம் உப்பு இருக்கும். அவ்வளவும் ஒரு துளி மிச்சமின்றிக் கரைந்தாலும் லிட்டருக்கு 1 கிராம் உப்பு, அதாவது 0.4 கிராம் சோடியம். உலகச் சுகாதார நிறுவனத்தின் உப்பு-சர்க்கரைக் கரைசலில் லிட்டருக்கு 1.7 கிராம் சோடியம் உண்டு. ஆலையில் மால்ட் சாறிலிருந்து தயாராகும் குவாஸில் ரொட்டி தரும் இந்த உப்பும் கிடையாது. சர்க்கரையோ தலைகீழ்: கரைசலில் லிட்டருக்கு 13.5 கிராம், கடைக் குவாஸில் 50 கிராம் அளவுக்குக்கூட இருக்கும்.

அப்படியென்றால் தலைமுறை தலைமுறையாகக் குடித்தவர்கள் ஏமாந்தார்களா? இல்லை. குளிர்ச்சியும் புளிப்பும் நுரையும் எச்சிலை ஊறவைத்து வாய் வறட்சியை உடனே தணிக்கின்றன. தாகம் தணிந்தது என்று அவர்கள் சொன்னது மெய். ஆனால் தாகம் தணிவதும் இழந்த நீர் திரும்புவதும் ஒன்றல்ல. வாய் நனைந்ததும் போதும் என்று குவளையைக் கீழே வைத்துவிடுகிற ஆபத்தும் அதில் இருக்கிறது. ருசிக்காக இன்னொரு குவளை கேட்பவருக்கு அதே குணம் நன்மை. கொதிநீரில் தொடங்கிப் புளிப்பில் முடியும் பானத்தில் நோய்க்கிருமிகள் தழைப்பதும் கடினம். கலங்கிய கிணற்றுநீரோடு ஒப்பிட்டால் அது பெரிய காரியம்.

அந்தக் கிழவரிடமே திரும்பிப் போகிறேன். மதியச் சாப்பாட்டு வேளையில் அவர் ரொட்டியைக் கிண்ணத்தில் பிய்த்துப் போட்டு, அகப்பைத் தண்ணீரை ஊற்றி, உப்புத் தூவுகிறார். வீட்டுக்குப் போகாமல் லெவினும் அதையே பகிர்ந்து சாப்பிடுகிறான். வியர்த்த உடம்புக்கு வேண்டிய நீர், மாவுச்சத்து, உப்பு மூன்றும் அந்தக் கிண்ணத்தில் இருக்கின்றன. குவாஸை ஊற்றி, வெள்ளரியும் முட்டையும் உருளைக்கிழங்கும் நறுக்கிப் போட்டு உப்பிட்டுச் சாப்பிடும் அக்ரோஷ்கா என்ற குளிர்ந்த சூப்பும் இதே வேலையைச் செய்கிறது.

என் தீர்ப்பு இது: தனியாகக் குடிக்கும் குவாஸ் தண்ணீருக்குச் சமம், மேல் அல்ல. உப்புள்ள சாப்பாட்டோடு சேர்ந்தால் அது வெறும் தண்ணீரை வெல்லும். அந்த வெற்றி உப்பினுடையது. வயிற்றுப்போக்கில் துவண்ட குழந்தைக்கு மட்டும் இதைக் கொடுக்காதீர்கள். உப்பு-சர்க்கரைக் கரைசலைக் கொடுங்கள்.