"ஆமாங்க" என்ற பதிலை அளப்பது எப்படி?

ஒருவருடைய குணத்தை ஐந்து அளவுகளில் சொல்லிவிடலாம் என்கிறது உளவியலின் 'பிக் ஃபைவ்' மாதிரி: புதியதை நாடும் மனம், பொறுப்புணர்வு, கலகலப்பு, இணக்கம், மனப்பதற்றம். ஒவ்வொன்றுக்கும் சில கேள்விகள். பதில்களைக் கூட்டினால் மதிப்பெண்.

இது நம்ம கிராமங்களுக்கும் வந்தாச்சு. பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் சம்பந்தப்பட்ட 'நீம்சிஸ்' ஆய்வு, 2016-17ல் விழுப்புரம், கடலூர் பக்கம் கடன், வேலை பற்றிக் கேட்டபோது குணக் கேள்விகளையும் தமிழில் கேட்டது. 2020-21ல் மறுபடியும் கேட்டாங்க. கடன் பற்றித் தெரிந்துகொள்ள அருமையான தரவு. குணப் பகுதியில்தான் எனக்குச் சிக்கல்.

கல்லூரி மாணவர் தனியாக உட்கார்ந்து நிரப்பும் தாள் வேறு. வீட்டுக்கு வந்த ஒருவர் நேரில் கேட்பது வேறு. "வேலையைக் கவனமா செய்வீங்களா?" "ஆமாங்க." கொஞ்ச நேரம் கழித்து, "வேலையில கவனம் சிதறுமா?" அதற்கும் "ஆமாங்க". வந்தவர் மனம் கோணக்கூடாது என்ற மரியாதை அது.

ஆய்வாளர்களுக்கு இது தெரியாததல்ல. இப்படி நேர்மாறான ஜோடிக் கேள்விகளை வைத்து, தலையாட்டும் அளவைக் கணக்கிட்டுக் கழிக்கிறார்கள். மென்பொருள்காரனாக எனக்கு இந்தக் கழித்தலில் நம்பிக்கை இல்லை. எல்லாக் கேள்விக்கும் ஒரே அளவில் தலையாட்டினால்தான் அது சரிவரும். மாமியார் பக்கத்தில் இருக்கும்போது "கோபம் வருமா?" என்பதும் "புது விஷயம் பிடிக்குமா?" என்பதும் ஒன்றா?

2019ல் லாஜாஜும் சக ஆய்வாளர்களும் 23 வளரும் நாடுகளின் 29 நேர்முகக் கணக்கெடுப்புகளை, 94,751 பேரின் பதில்களை, சோதித்தார்கள். ஒரே குணத்துக்கான கேள்விகள் பல இடங்களில் ஒன்றோடொன்று சேரவே இல்லை. தலையாட்டலைக் கழித்தும் முழுசாச் சரியாகவில்லை. இணையத்தில் தாங்களாக வந்து நிரப்பியவர்களிடம் மட்டும் ஐந்து குணங்களும் ஓரளவு ஒழுங்காகப் பிரிந்தன.

ஆய்வுக் கட்டுரையோடு நின்றால் பரவாயில்லை. நாளைக்கு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி இதே கேள்விகளை வைத்து ஆள் எடுத்தால்? வாணியம்பாடியிலிருந்து பஸ் பிடித்து வந்த பெண், சூப்பர்வைசர் முன்னால் தயங்கிச் சொன்ன பதில், 'பொறுப்புணர்வு குறைவு' என்று ஃபைலில் ஏறிவிடும். தையல் மெஷினில் ஒரு வாரம் வேலை செய்யவிட்டால் அவர் கைவேலை தெரிந்துவிடுமே!

மதிப்பெண் போடுபவர்கள் கேட்டது ஆணா பெண்ணா, பக்கத்தில் யார் இருந்தார், ஜோடிக் கேள்விகளுக்கு என்ன பதில் வந்தது என்பதையும் கூடவே போடட்டும். அது இல்லாத மதிப்பெண்ணை வைத்து யாருடைய வேலையையும் முடிவு செய்யக்கூடாது.