ஜுவைனி எழுதாத பக்தாத்

அதா மலிக் ஜுவைனியின் 'தாரீகே ஜஹான்குஷா' என்ற பாரசீக நூலை விட்டுவிட்டு மங்கோலியர் வரலாற்றைப் பேச ஏலாது. செங்கிஸ்கானின் யாசா சட்டம், பத்துப் பத்தாகப் பிரித்த படை, போர்ப் பயிற்சியாகவே நடந்த பெருவேட்டை எல்லாம் அதில் உண்டு. தான் பிறக்குமுன், 1220இல் புகாரா எரிந்ததையும் அவர் மறைக்கவில்லை.

ஆனால் நூல், 1256இல் அலமூத் கோட்டை வீழ்ந்ததோடு நின்றுவிடுகிறது. 1258இல் ஹுலாகுவோடு பக்தாத் போனவர், அடுத்த வருடமே அதன் ஆளுநரானவர், அந்நகரின் வீழ்ச்சியை எழுதவில்லை. சில பிரதிகளில் நசீருத்தீன் தூசியின் பெயரால் வரும் பின்னிணைப்புத்தான் அதைச் சொல்கிறது.

வேலைப்பளு என்று சும்மா சமாதானம் சொல்லலாம். எனக்கு அப்படிப் படவில்லை. பாட்டன் செய்த அழிவை எழுதலாம். பதவி தந்த பேரன் செய்ததை எழுத ஏலாது. அரசவை நூல் எங்கே நிற்கிறது என்பதையும் நாம் வாசிக்க வேண்டும்.