பதிவேட்டில் இல்லாத கட்டம்

கொஞ்ச நாளாக ஒரே ஜாதிக் கட்டுரைகளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். பால்வினை நோய்ப் பிரிவுக்கு வந்த சிபிலிஸ் நோயாளிகள் எப்படிப்பட்டவர்கள் என்று அரசு மருத்துவக் கல்லூரிகளிலிருந்து எழுதுகிறார்கள். ஓ.பி. பதிவேட்டைப் புரட்டி வயசு, பால், தொழில், நோயின் கட்டம் என்று அட்டவணை போடுவார்கள். உழைப்பு இருக்கு, குறை சொல்ல மாட்டேன். அட்டவணைக்குக் கீழே வரும் பத்தியோடுதான் எனக்குச் சண்டை. மேலே 'வந்தவர்கள்' என்று இருந்தது அங்கே சத்தமில்லாமல் 'நோய் உள்ளவர்கள்' ஆகிவிடும்.

சிபிலிஸில் இது சின்ன வழுக்கல் இல்லீங்க. முதல் புண் பெரும்பாலும் வலிக்காது. மூணு முதல் ஆறு வாரத்தில் மருந்தில்லாமலே ஆறிவிடும், கிருமி மட்டும் உள்ளே இருக்கும். ஆணுக்குப் புண் பெரும்பாலும் கண்ணில் படும், பயந்து ஓடி வருவார். பெண்ணுக்குக் கர்ப்பப்பை வாயில் வந்தால் அவருக்கே தெரியாது. பிள்ளை உண்டாகி ரத்தம் எடுக்கும்போதுதான் வெளியே வரும். ஆக, ஆரம்பக் கட்டத்தில் ஆண்களும் மறைநிலையில் பெண்களும் அதிகம் என்று அட்டவணை சொன்னால், அது யாரை எந்த வாசலில் பிடித்தோம் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறது. கர்ப்பிணிகள் எல்லோருக்கும் பரிசோதனை உண்டு. கணவருக்கு? மனைவிக்கு பாசிட்டிவ் வந்த பிறகு சொல்லி அனுப்புவார்கள். வந்தால் உண்டு.

எங்க திருத்துறைப்பூண்டியிலிருந்து யோசித்துப் பாருங்க. மருத்துவக் கல்லூரி என்றால் திருவாரூர், இல்லேன்னா தஞ்சாவூர். நடவு நேரத்தில் ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் ஏறி, அந்த ஒரு கதவுக்கு முன்னால் நிற்கணும். 'சுகவாழ்வு மையம்' என்று நல்ல பேராத்தான் வைத்திருக்கிறார்கள். வரிசையில் பின்னால் நிற்பது சம்பந்தி வீட்டு ஆளா இருந்தா பேரை வைத்து என்ன செய்ய? திருப்பூருக்கோ வளைகுடாவுக்கோ வேலைக்குப் போனவர் நம்ம பதிவேட்டிலேயே இல்லை. அவர் மனைவி இருக்கிறார், 'குடும்பத் தலைவி' என்ற கட்டத்தில்.

(சிபிலிஸுக்குப் பழைய பேர் ஒன்று பறங்கிப் புண். வெள்ளைக்காரன் தலையில் கட்டியாச்சு. இத்தாலிக்காரர் பிரெஞ்சுக்காரரைச் சொன்னார்கள், பிரெஞ்சுக்காரர் நேப்பிள்ஸைச் சொன்னார்கள்.)

இதே வகையில் நல்ல கட்டுரையும் உண்டு. ஹெச்.ஐ.வி. பற்றியது என்றாலும் வாசல் ஒன்றுதான். 2000-இல் சென்னை ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்துக்கு வந்த 134 பெண்களைப் பற்றி வெளியானது. எழுதியவர்களில் சுனிதி சாலமனும் ஒருவர். 81 சதவீதம் குடும்பத் தலைவிகள். அதோடு விட்டிருந்தால் இன்னொரு அட்டவணை, அவ்வளவுதான். எத்தனை பேரோடு உறவு என்றும் கேட்டார்கள். 88 சதவீதம் பேர் ஒரே துணை என்றார்கள். 'ஒழுக்கம்' பேசுகிறவர்களுக்கு அதற்கு மேல் வாய் திறக்க இடமில்லை.

சிபிலிஸ் அட்டவணைக்கும் இரண்டே கட்டம் கூடுதலாகக் கேட்கிறேன். எந்த வழியாக வந்தார்: புண்ணைப் பார்த்தா, கர்ப்பப் பரிசோதனையிலா, ரத்த தானத்திலா? துணை வந்து ஊசி போட்டுக்கொண்டாரா? ஆரம்பக் கட்டத்துக்கு பென்ஸத்தீன் பென்சிலின் 24 லட்சம் யூனிட், ஒரே தடவை. மனைவிக்குப் போட்டாச்சு, கணவருக்குப் போடவில்லை என்றால் அவருக்கு மறுபடி தொற்றும். அடுத்த கர்ப்பத்தில் பிள்ளைக்கும் போகலாம். அப்போது வேறு வருஷத்துக் கட்டுரையில், வேறு எண்ணில், 'புதிய நோயாளி' என்று அதே பெண்ணை எழுதுவோம்.