மார்க்கர் போடும் அழகு

கார் ஆலைகள் உள்ள ஒரகடத்தில் கார் என்றால் இரும்புதான் நினைவுக்கு வரும். ஆனால் சீட் உறை தையல் வேலை. அதற்கும் மார்க்கர் போட்டாக வேண்டும்; அதாவது, துணி வீணாகாதபடி வெட்டவேண்டிய துண்டுகளை நெருக்கி அடுக்கி வரைய வேண்டும். சட்டையில் பாருங்கள்: கைக்குழி வளைவுக்குள் கைத்துண்டின் மேட்டைச் செருகி, மிஞ்சும் சந்தில் காலரை ஒளித்துவைப்பார் கட்டிங் மாஸ்டர். எனக்கு அது தையலைவிட அழகு.

இந்த அடுக்கலைக் கணினியிலும் செய்யலாம். 2013இல் தொடங்கிய வாலன்டினா, அதிலிருந்து பிரிந்த சீம்லி 2டி இரண்டும் இலவச, திறமூல மென்பொருள்கள். துணியின் அகலமும் துண்டுகளுக்கிடையே விடவேண்டிய இடைவெளியும் கொடுத்தால் துண்டுகளைத் தாமே அடுக்கும். இழைத் திசையை மீறித் திருப்பவிட்டால் துணி மிச்சமாகலாம். ஆனால் பேன்ட் கால் முறுக்கிக்கொள்ளும். வெல்வெட்டில் தலைகீழாக வைத்தாலே நிறம் வேறாகத் தெரியும்.

வீட்டில் தைப்பவர்களே, மென்பொருளில் துணி அகலத்தை 36, 44, 58 அங்குலம் என மாற்றிப் பாருங்கள்; எத்தனை மீட்டர் வாங்குவதென்று கடைக்குப் போகுமுன்பே தெரிந்துவிடும்.