ரூத் அசாவாவின் கம்பிச் சிற்பங்கள்: ஒரு கல்லூரிப் பாடத்தின் நீட்சி

ரூத் அசாவா (1926–2013) ஜப்பானியப் பெற்றோருக்கு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பிறந்த சிற்பி. உலோகக் கம்பியைக் கண்ணி கண்ணியாகப் பின்னி, கூரையிலிருந்து தொங்கவிடும் சிற்பங்களுக்காக அறியப்படுபவர். இச்சிற்பங்களைப் பற்றி இரண்டு கருத்துகள் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. 1950-களில் சிலர் இவற்றைப் பெண்களின் கைவேலை என்று ஒதுக்கினர். பிற்காலத்தவர் சிலர் போர்க்காலத் தடுப்பு முகாமின் முள்வேலியை இவற்றில் கண்டனர். அவர் கல்லூரியில் என்ன படித்தார் என்று பார்த்தால் இரண்டு கருத்துகளும் போதாதவை என்பது விளங்கும்.

கல்லூரிக்கு முன்

அசாவாவின் பெற்றோர் காய்கறி பயிரிட்ட எளிய விவசாயிகள். சிறுவயதில், குதிரை இழுத்துச் செல்லும் பரம்புப் பலகையின் பின்புறம் அமர்ந்து, கால்விரல்களால் மண்ணில் வளைகோடுகள் போட்டுக்கொண்டே போனதை அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1942-இல் ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்தது. அசாவாவின் குடும்பம் முதலில் சாண்டா அனிதா குதிரைப் பந்தயத் திடலின் லாயத்தில் தங்கவைக்கப்பட்டது. அங்கே அடைக்கப்பட்டிருந்த டிஸ்னி நிறுவன ஓவியர்கள் சிறுவர்களுக்குப் படம் வரையக் கற்றுக்கொடுத்தார்கள். முகாமிலும் ஒரு பள்ளிக்கூடம் நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்து ஓவிய ஆசிரியராகும் விருப்பத்துடன் மில்வாக்கி ஆசிரியர் கல்லூரியில் சேர்ந்தார். பி.எட். படித்தவர்கள் அறிவார்கள்: பள்ளிக்குப் போய்ப் பாடம் நடத்திக் காட்டும் பயிற்சி முடியாமல் ஆசிரியராக முடியாது. ஜப்பானிய வம்சாவளியினர் என்ற காரணத்தால் அசாவாவுக்கு அந்தப் பயிற்சி மறுக்கப்பட்டது. பட்டம் இல்லாமலே அங்கிருந்து வெளியேறினார்.

பிளாக் மவுண்டன் கல்லூரி

1946 கோடையில் அவர் வட கரோலினாவிலுள்ள பிளாக் மவுண்டன் கல்லூரிக்குச் சென்றார். 1933-இல் தொடங்கி 1957-இல் மூடப்பட்ட சிறிய கல்லூரி அது. மாணவர்கள் படிப்போடு வயலிலும் சமையலறையிலும் வேலை செய்தார்கள். ஓவியம், நெசவு, நடனம், கணிதம் ஆகியவற்றுக்கு இடையே அங்கு உயரமான சுவர்கள் இல்லை.

முதன்மை ஆசிரியர் யோசப் ஆல்பர்ஸ். ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளி நாஜிகளின் நெருக்கடியால் 1933-இல் மூடப்பட்டதும் இங்கு வந்தவர். உன் மனத்தில் இருப்பதை வரை என்று அவர் மாணவர்களிடம் சொல்லவில்லை. காய்ந்த இலை, காகிதம் போன்ற சாதாரணப் பொருள்களைக் கொடுத்து, அவற்றால் என்ன செய்ய முடியும் என்று கண்டுபிடிக்கச் சொன்னார். பொருளை வரைவதோடு பொருள்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தையும் பார்க்கச் சொன்னார்.

கல்லூரிச் சலவையறையில் துணிகளுக்குக் குறியிடும் ரப்பர் முத்திரை ஒன்று இருந்தது. அதில் கல்லூரியின் பெயர்ச்சுருக்கம் பி.எம்.சி. என்றிருக்கும். அங்கே வேலை பார்த்த அசாவா அந்த முத்திரையைத் தாளில் வரிசையாகக் குத்தினார். எழுத்துகள் மறைந்து அலைகள் தெரிந்தன. ஆல்பர்ஸின் பாடத்தை இதைவிடத் தெளிவாக விளக்கும் பயிற்சி வேறில்லை.

1948 கோடையில் மெர்ஸ் கன்னிங்ஹாமிடம் நடனம் பயின்றார். கன்னிங்ஹாமின் நடனம் கதை சொல்வதில்லை. உடல் ஓர் இடத்தில் எப்படி நகர்கிறது என்பதே அதன் பொருள். நவீனக் கலை வரலாறோ பாடப்புத்தகத்துக்கு வெளியே நின்றது. அந்த வரலாற்றில் பின்னர் இடம்பெற்ற ஜேக்கப் லாரன்ஸ் 1946 கோடையிலும், வில்லம் டி கூனிங், பக்மின்ஸ்டர் ஃபுல்லர் ஆகியோர் 1948 கோடையிலும் அங்கு வகுப்பெடுத்தார்கள்.

சிற்பங்களில் தெரியும் பாடம்

1947-இல் மெக்சிகோவின் டொலூகாவில், முட்டை வைக்கும் கம்பிக்கூடைகளைப் பின்னும் முறையை அசாவா அங்குள்ளவர்களிடம் கற்றார். நுட்பம் அவர்களுடையது. அதைக் கொண்டு செய்தது அசாவாவுடையது. கூடைக்கு வாய் உண்டு, அடி உண்டு. அசாவாவின் வடிவம் உருண்டையாகப் பெருத்து, இடையில் சுருங்கி, மீண்டும் பெருக்கிறது. ஓர் உருண்டைக்குள் இன்னோர் உருண்டை தெரிகிறது. உட்புறமாக இருந்த பரப்பு அறுபடாமல் வெளிப்புறமாகிவிடுகிறது. எடை குறைவு, ஒளி ஊடுருவும், சுவரில் விழும் நிழலும் சிற்பத்தின் பகுதியாகிறது. இது ஆல்பர்ஸின் வெற்றிடப் பாடம். தொங்கும் உருவத்தைப் பார்ப்பவர் சுற்றி நடக்க வேண்டியிருக்கிறது. நடக்க நடக்கக் கோடுகள் ஒன்றையொன்று கடந்து நகர்கின்றன. இது நடன வகுப்பின் எச்சம் என்று கொள்ளலாம். பரம்பிலிருந்து மண்ணில் விழுந்த கோடும் இங்கே எழுந்து நிற்கிறது. கைவேலை என்றவர்கள் கையைப் பார்த்தார்கள், கண்ணைப் பார்க்கவில்லை. முள்வேலி என்பவர்கள் வாழ்க்கையைப் பார்க்கிறார்கள், வடிவத்தைப் பார்ப்பதில்லை. வேலி இடத்தை அடைக்கும்; இக்கம்பி இடத்தைத் திறந்து காட்டுகிறது.

மதிப்பீடு

அசாவாவின் எல்லாப் படைப்புகளும் ஒரே தரத்தவை எனச் சொல்ல முடியாது. சான் பிரான்சிஸ்கோவில் 1968-இல் வைக்கப்பட்ட கடற்கன்னி நீரூற்று, கம்பிச் சிற்பங்களின் அடக்கத்துக்குப் பிறகு சற்று இனிப்பாகவே தோன்றுகிறது. ஆனால் அதே நகரின் 1973-ஆம் ஆண்டு நீரூற்று வேறு வகை. மாவும் உப்பும் தண்ணீரும் பிசைந்து, பள்ளிக் குழந்தைகள் உள்ளிட்ட பலர் செய்த உருவங்கள் வெண்கலத்தில் வார்க்கப்பட்டன. எளிய பொருளே போதும் என்ற கல்லூரிப் பாடம் இங்கு குழந்தைகளின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

பிளாக் மவுண்டன் முறையான அங்கீகாரம் பெறாத கல்லூரி. அசாவா 1949-இல் அங்கிருந்தும் பட்டமின்றியே வெளியேறினார். ஆயினும் 1968-இல் சான் பிரான்சிஸ்கோவின் ஆல்வராடோ பள்ளியில் கலைப் பட்டறையைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அந்நகரின் அரசுக் கலைப் பள்ளி 2010 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மறுக்கப்பட்ட இளநிலைப் பட்டம் 1998-இல், ஐம்பதாண்டுகளுக்கும் மேல் கழித்து, மில்வாக்கியிலிருந்து அவரைத் தேடி வந்தது. ஆசிரியராகத் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர் அதற்குள் ஒரு நகரத்துக்கே ஆசிரியராகியிருந்தார்.