ஒரு நடுவுக்கு இரண்டு பேர்

கையால் செய்த மர வில் ஒன்றை யாரிடமாவது கொடுத்துப் பாருங்கள். வாங்கிய மறுகணம் நாணை இழுப்பார்கள். "எத்தனை பவுண்டு?" என்று கேட்பார்கள். மரத்தின் ரேகையைத் தடவி "அழகா இருக்கே" என்பார்கள். பிறகு திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். எனக்கு வயிறு எரியும். அந்த வில்லைச் செய்தவர் தூக்கத்தைத் தொலைத்த இடம் அவர்களுடைய உள்ளங்கைக்குள்ளேயே இருந்தது. மூடிப் பிடித்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் பார்த்தார்கள். மர வில் என்றால் ஏதோ ஆதிவாசிச் சமாச்சாரம், விளையாட்டுச் சாமான் என்று புதியவர்கள் ஒதுங்குவதற்குக் காரணமும் இதுதான். எதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

அடிப்படையை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். எய்பவரைப் பார்க்கும் பக்கம் வில்லின் வயிறு. இலக்கைப் பார்ப்பது முதுகு. வளைக்கும்போது முதுகு இழுபடும், வயிறு நெருக்குண்ணும். நடுவில் பிடி, அதற்கு மேலும் கீழும் தண்டுகள். இரண்டு தண்டும் சீராக வளையும்வரை சீவிச் சீவிப் பார்ப்பதற்கு டில்லரிங் என்று பெயர். அம்பு வில்லை உரசிக்கொண்டு கடக்கும் இடத்தை அம்புத்தடம் என்று வைத்துக்கொள்வோம். இவ்வளவு போதும்.

இனி விஷயத்துக்கு வருவோம். நாட்காட்டிப் படங்களிலும் சினிமா சுவரொட்டிகளிலும் வீரன் வில்லின் சரிநடுவைப் பிடித்திருப்பான். அம்பும் அதே சரிநடுவிலிருந்து புறப்படும். அப்படியானால் அம்பு அவன் முஷ்டியைத் துளைத்துக்கொண்டு போக வேண்டும்! கை இருக்கும் இடத்தில் அம்பு இருக்க முடியாது. வில்லுக்கு நடு ஒன்றுதான். அதைக் கையும் கேட்கிறது, அம்பும் கேட்கிறது. இந்த வழக்கை வில் செய்தவர் எப்படித் தீர்த்தார் என்று பார்ப்பதுதான் ரசனை. பிடியின் நடு வேறு, வில்லின் நடு வேறு. இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால் மீதியெல்லாம் தானே வரும்.

68 அங்குல வில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பிடி 4 அங்குலம். பிடியைச் சரிநடுவில் வைத்தால் மேலே 32, கீழே 32. பார்க்க நேர்மையான பங்கீடு. ஆனால் கைக்கு மேலே போகும் அம்பு வில்லின் நடுவிலிருந்து 2 அங்குலம் மேலே போய்விடுகிறது. நாணை இழுக்கும் விரல்களும் அதோடு மேலேறுவதால் மேல் தண்டுக்கு வேலை கூடிவிடும். தண்டுகள் அளவில் சமம், உழைப்பில் சமமில்லை.

இன்னொருவர் பிடியைக் கீழே நகர்த்துகிறார். வில்லின் நடுவுக்கு மேலே 1 அங்குலம், கீழே 3 அங்குலம். இப்போது மேல் தண்டு 33, கீழ்த் தண்டு 31. அம்பு நடுவுக்கு ஒரே ஒரு அங்குலம் மேலே போகிறது, கையின் மையம் ஒரு அங்குலம் கீழே அமைகிறது. ஆளுக்குப் பாதி விட்டுக்கொடுத்தாயிற்று. குட்டையான கீழ்த் தண்டு இயல்பாகவே சற்று விறைப்பாக நிற்கும். அம்பைக் கவ்வும் மூன்று விரல்களில் ஒன்று மேலேயும் இரண்டு கீழேயும் இருப்பதால், இழுப்பின் பாரமும் அம்புக்குக் கீழேதான் விழுகிறது. அந்த விறைப்பு அங்கே கைகொடுக்கும். விறைத்த பிடியுள்ள தட்டை வில்லில் என் ஓட்டு இதற்குத்தான்.

மூன்றாவது ஒரு கூட்டம் உண்டு. அம்பு கணக்காகச் சரிநடுவில்தான் போக வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள். பிடி முழுவதையும் நடுவுக்குக் கீழே தள்ளினால் மேலே 34, கீழே 30 என்று ஆகிவிடும். அந்தக் குட்டைத் தண்டு நெட்டைத் தண்டோடு ஈடுகொடுத்து வளைய வேண்டும். அதன் வயிற்றில் மரநார்கள் நசுங்கிக் குறுக்கே மெல்லிய மடிப்பு விழும். மரத்திடம் கேட்காமல் அளவுகோலிடம் மட்டும் கேட்டுச் செய்த வில் அது. அதைத் துல்லியம் என்று புகழ்ந்து எழுதுபவர்களை நான் மன்னிப்பதில்லை.

"ஜப்பானியர்கள் பிடியைக் கீழே தள்ளிச் செய்யவில்லையா?" என்று கேட்பீர்கள். செய்தார்கள், ஆனால் அவர்கள் வில்லையே அதற்கென்று கட்டினார்கள். மூங்கிலும் மரமும் ஒட்டிய யூமி வில்லின் வழக்கமான நீளம் 221 செண்டிமீட்டர். பிடி அடியிலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயரத்தில். ஜப்பானியர்களின் வில் கீழே குட்டை, மேலே நெட்டை என்று 3ஆம் நூற்றாண்டுச் சீனக் குறிப்பே சொல்கிறது. அந்த நீளம் இருப்பதால்தான் கீழ்த் தண்டு தாங்குகிறது. அம்பு வில்லின் வலப்பக்கம், இடது கட்டைவிரல் மேல் அமர்கிறது. கட்டைவிரலால் நாணை இழுப்பவர்களுக்கு வலப்பக்கம், மூன்று விரலால் இழுப்பவர்களுக்கு இடப்பக்கம். இழுக்கும் கையின் முறுக்கு அம்பை வில்லோடு அணைக்க வேண்டும், தள்ளிவிடக் கூடாது. இடதுகைக்காரர்கள் இதை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

அம்பு அமரும் தாங்கி பற்றியும் சொல்ல வேண்டும். 1545இல் மூழ்கி 1982இல் மேலே தூக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் யூ மரத்து நெடுவில்கள் 137 முழுசாகக் கிடைத்தன. ஒன்றிலும் அம்புக்கென்று வெட்டிய படி கிடையாது. கையேதான் தாங்கி. பிடி என்று தனியாகக் குறுக்கிய இடமும் இல்லை, நடுவும் சேர்ந்து வளையும் வில்கள் அவை. பின்னாளில் ஆங்கிலேயர்கள் கேளிக்கைக்கு எய்த வில்களில் அம்புத்தடத்தில் சிறிய முத்துச்சிப்பித் தகடு பதித்தார்கள், உரசி மரம் தேயாமலிருக்க. அருங்காட்சியகத்தில் அந்தத் தகட்டைப் பார்த்தால் நில்லுங்கள். அதன் கீழ் விளிம்பில் மனதால் ஒரு கையை வையுங்கள். பிறகு வில்லின் நடு எங்கே என்று கண்ணால் அளந்து பாருங்கள்.

இன்றைய மோகம் வேறு. பிடியின் பக்கவாட்டில் ஆழமாகக் குடைந்து, அம்பு நாணின் நேர்கோட்டிலேயே போகும்படி படி வெட்டுவது. ஒரே மரத்தில் செய்த வில்லில் அவ்வளவு குடைந்தால் பிடியில் என்ன மிஞ்சும்? ஒன்றேகால் அங்குல அகலத்தில் பிடியை முழுசாக விடுங்கள். அம்பு அதைச் சுற்றி வளைந்து போகட்டும். 1930களில் கிளாரன்ஸ் ஹிக்மன் என்ற இயற்பியலாளர் அதிவேகப் படக்கருவியில் பிடித்துக் காட்டினார்: அம்பு நெளிந்து நெளிந்து வில்லைச் சுற்றிக்கொண்டுதான் இலக்குக்குப் போகிறது. அந்த வில்லுக்கேற்ற விறைப்புள்ள அம்பைத் தேர்ந்தால் படியே வேண்டாம். வெட்டத்தான் வேண்டும் என்றால் ஓரமாக, மெல்லிசாக, மேல்முகத்தைத் தட்டையாக விடாமல் முட்டின் மேடுபோல் உருட்டி வெட்டுங்கள். அம்பு ஒரு புள்ளியில்தான் தொட வேண்டும். அந்தப் புள்ளி, கட்டைவிரலும் சுட்டுவிரலும் பிரியும் கட்டைவிரல் கவை அழுந்தும் பள்ளத்துக்கு நேர் மேலே இருக்க வேண்டும். பிடியில் சுற்றும் தோலுக்கு அடியில் ஒரு தீக்குச்சியை வைத்து ஒட்டி அந்த மேட்டை எழுப்புபவர்கள் உண்டு. அந்தத் தீக்குச்சியைக் கண்டுபிடிக்கும் விரல்தான் பழகிய விரல்.

ஒன்று மட்டும் உங்களிடம் தனியாகச் சொல்கிறேன். எந்த வில் கைக்கு வந்தாலும் அளவுநாடாவை எடுக்காதீர்கள். நாணேற்றிய வில்லை, விரல்களை இறுக்காமல், கட்டைவிரல் கவையில் மட்டும் தாங்கி மெதுவாகப் பாதிவரை இழுங்கள். பாதியிலேயே மெதுவாக விட்டும்விடுங்கள், அம்பில்லாமல் நாணை அடிக்கவே கூடாது. இழுக்கும்போது வில்லின் தலை முன்னே சாய்கிறதா, பின்னே வருகிறதா, அசையாமல் நிற்கிறதா? அசையாமல் நின்றால் கையும் அம்பும் சமாதானமாகிவிட்டன என்று பொருள். முதன்முதலாக அப்படி நின்ற என் வில் மூன்றாவதாகச் செய்தது. அதற்கு முந்தைய இரண்டிலும் பிடியைச் சரிநடுவில் வைத்திருந்தேன். இரண்டும் இழுக்க இழுக்கக் கைக்குள் நெளிந்தன. மூன்றாவதில் பிடிக்கான கோட்டை ஒரு அங்குலம் இறக்கினேன். கட்டையில் வரைந்த அந்தப் பென்சில் கோட்டை உப்புத்தாள் போட்டு அழிக்க எனக்கு மனம் வரவில்லை. பிடியைச் சுற்றிய தோலுக்கு அடியில் இன்னும் இருக்கிறது.