மின்சூளையின் எண்ணும் மண் கண்ட சூடும்

பசுங்கலத்தை வீட்டிலேயே சுட்டுப் பழக விரும்பும் புதியவர்களுக்கென விற்கப்படும் சிறு மின்சூளைகளுள் ஒன்று இங்கு மதிப்பிடப்படுகிறது. வெப்பங்காப்புச் செங்கல், காந்தால் கம்பிச்சுருள், சிங்கிள் ஃபேஸ் இணைப்பு ஆகியவை இவ்வகைச் சூளைகளுக்குப் பொதுவானவை என்பதால் விரித்துரைக்க வேண்டுவதில்லை. பல வாரப் பயன்பாட்டில் பொறுமையைச் சோதிப்பது அதன் முகப்பில் ஒளிரும் எண்ணே ஆகும்.

அவ்வெண், இருவேறு உலோகக் கம்பிகளின் சந்தியில் எழும் நுண்ணிய மின்னழுத்தத்தைக் கொண்டு வெப்பநிலையை உணரும் தெர்மோகப்புளிலிருந்து வருவது. அக்கம்பி முனையின் அந்நேரச் சூட்டை மட்டுமே அது சொல்லும். மண் இறுகுவதும், கிளேஸ் எனப்படும் கண்ணாடிப் பூச்சு உருகிப் படர்வதும் எட்டிய வெப்பநிலையோடு, அதனை எட்ட எடுத்த காலத்தையும் பொறுத்தவை. இவ்விரண்டின் கூட்டு விளைவைக் காட்டவே, குறித்த அளவு சூடு ஏறியதும் வளைந்து சாயும் கனிமக் கலவைக் கூம்புகளை ஜெர்மானியரான ஹெர்மான் செகர் 1886-இல் உருவாக்கினார். அமெரிக்காவில் எட்வர்ட் ஆர்ட்டன் 1896-இல் தம் கூம்புகளைத் தந்தார். ஆர்ட்டனின் ஆறாம் எண் கூம்பு, இறுதிக் கட்டத்தில் மணிக்கு 150 டிகிரி செல்சியஸ் வீதம் சூடேறினால் சுமார் 1243 டிகிரியிலும், 60 டிகிரி வீதம் ஏறினால் 1222 டிகிரியிலுமே வளைந்துவிடும்.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. மின்னழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து 200-க்கு இறங்கும் மாலைகளில், மின்திறன் அழுத்தத்தின் இருமடிக்கேற்பக் குறைவதால், சுருள்களுக்குக் கிட்டுவது ஏறத்தாழ முக்கால் பங்கே. கடைசி நூறு டிகிரியைச் சூளை ஊர்ந்தே கடக்கிறது. வேகமான ஏற்றத்துக்கெனக் கணக்கிட்ட 1243-ஐ அவ்வாறு ஊர்ந்து எட்டும்போது ஏழாம் எண் கூம்பும் சாய்ந்திருக்கும். திரை அதே எண்ணைக் காட்டி, முறைப்படி முடிந்ததாக ஒலியும் எழுப்புகிறது. உள்ளேயோ கிளேஸ் குவளையின் அடிவளையம் தாண்டி வழிந்து தட்டோடு ஒட்டிக்கொள்ள, உளி வைத்துப் பெயர்க்கையில் தட்டின் சில்லும் உடன் வருகிறது.

கூம்பைக் கண்ணால் கண்டு சூளையை நிறுத்தலாம் என்றால், கதவில் பார்வைத் துளை இல்லை. கைப்பேசிச் செயலிக்குச் செலவிட மனம் வந்த தயாரிப்பாளருக்கு விரல் நுழையும் துளையொன்றை இட மனம் வராதது விளங்கிக்கொள்ளக் கூடியதன்று; கையேடும் கூம்புகளை ஒரே வரியில் கடந்துவிடுகிறது.

தாழ்ந்த சூட்டில் இக்கருவியைக் குறை கூறுவதற்கில்லை. மண்ணின் ஈரம் ஆவியாகிக் கலம் வெடிக்கக்கூடிய 100 டிகிரியை ஒட்டியும், குவார்ட்ஸ் படிகம் திடீரென விரியும் 573 டிகிரியை ஒட்டியும் அது சொன்ன வேகம் பிசகாமல் ஏறுகிறது. ஆகவே கிளேஸ் இடாத முதற்சூட்டுக்கு இது தகும். கிளேஸ் சூட்டுக்கு, எளிய கண்ட்ரோலரே ஆயினும் பார்வைத் துளையுள்ள சூளையை வாங்குவதே நன்று. முன்னரே வாங்கிவிட்டவர்கள் ஒவ்வொரு முறையும் ஐந்து, ஆறு, ஏழாம் எண் கூம்புகளைக் கலங்களின் அருகே நிறுத்தி, சூளை ஆறியபின் அவற்றின் சாய்வைக் கண்டு அடுத்த சூட்டின் உச்ச எண்ணைத் திருத்திக்கொள்ள வேண்டும்.